எஸ்.டி. சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை: பழங்குடிப் பிள்ளைகளோடு நீங்கள் அலைந்த அனுபவம்

கணக்கு டீச்சர்:
எஸ்.டி. சான்றிதழ் கேட்டால் விசாரணை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ முடித்த இருளர் மாணவியைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். விசாரித்தவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றாள். "எலி?" அதுவும் தெரியாது. "அப்புறம் நீ என்ன இருளர்?" மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். கழற்றச் சொன்னவர் யாருமில்லை. நான் வாயே திறக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

சேலத்துக்காரன்:
கஷ்டமாக இருக்கிறது. ஆனால் விசாரணை வேண்டும். தமிழ்நாட்டில் எஸ்.டி. ஒதுக்கீடே 1 சதவீதம். அதில் போலிகள் புகுந்தால் மிச்சம் என்ன? 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழு அமைக்கச் சொன்னது இதற்குத்தான். ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி நண்பன் சீட் கிடைக்காமல் ஊர் திரும்பிய அன்று, அவன் டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்.

கூடலூர் டீச்சர்:
இருவரும் பிளஸ் டூவைப் பேசுகிறீர்கள். என்னுடையது ஒன்றாம் வகுப்பு. பணியர் பழங்குடி வீட்டுப் பையன், சேர்ந்து இரண்டாவது வாரம், உட்கார்ந்த இடத்திலேயே டிரவுசரை நனைத்துவிட்டான். அதட்டினேன். அதே அறையில் நாலாவது படிக்கும் பணியப் பெண் எழுந்து, "அவன் ரெண்டு தடவை கேட்டான் டீச்சர், உங்களுக்குத்தான் புரியல" என்றாள். முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. அவன் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. மறுநாள் அவன் வரவில்லை.

சூளைப் பள்ளி:
சேலத்து நண்பரே, போலியைப் பிடிக்கட்டும், சரி. பாம்பு பிடிப்பதுதான் ஆதாரமா? 2011-இல் ஆனந்த் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொன்னதையும் பாருங்கள்: இடம்பெயர்வும் நவீன வாழ்க்கையும் பழைய வழக்கங்களை மாற்றிவிடும், அதை மட்டும் வைத்து ஒருவர் பழங்குடி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. படித்ததற்காகவா ஒரு பெண்ணுக்குச் சான்றிதழ் மறுப்பது?

கணக்கு டீச்சர், இனி பிளஸ் டூ வரை காத்திருக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அப்பா வழியில் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் நகலை இணையுங்கள். தாசில்தாரிடம் நாளைக் கடத்தாதீர்கள், எஸ்.டி.க்குக் கையெழுத்து கோட்டாட்சியருடையது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்; வாயால் சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்வது கஷ்டம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பினால் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் காட்டுங்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. எங்கள் சூளையில் ஒரு அம்மா, மழையில் நனைந்து எழுத்தழிந்த தடுப்பூசி அட்டையைப் பள்ளி வாசலில் நீட்டியபடி நின்றதைப் பார்த்த பிறகுதான் இதெல்லாம் படித்தேன்.

கணக்கு டீச்சர்:
எழுத்தில் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாணவி இப்போது அப்பாவோடு செங்கல் சூளையில் கல் அறுக்கிறாள். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தோடு அங்கே போகிறேன்.