தொள்ளாயிரத்து ஐந்து: ஓர் உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். ஆந்திராவில் நகரிப் பக்கம் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளரும் எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், 'தொள்ளாயிரத்து ஐந்து' என்றால், அதற்குள் ஒலிக்கும் ஆயிரத்தை நம்பி 9005 என்று எழுதுகிறார்கள். அதையே 'தொம்மிதி வந்தல ஐது' (அதாவது 'ஒன்பது நூறு, ஐந்து') என்று தெலுங்கில் சொன்னால் தயங்காமல் 905 என்று எழுதிவிடுகிறார்கள். (தொண்ணூறிலும் இதே வம்புதான்.)

1976இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்கப்பட்ட, கணிதக் கல்வி உளவியலுக்கான பன்னாட்டுக் குழுவான பி.எம்.இ.யின் ஆண்டு மாநாட்டுக்கு இதை எட்டுப் பக்க ஆய்வறிக்கையாக அனுப்ப விரும்புகிறேன். அங்கு ஏற்கெனவே கட்டுரை அனுப்பியவர்கள் இருந்தால், ஒரே பள்ளியின் விடைத்தாள்களை மட்டும் வைத்து எழுதினால் மதிப்பீட்டாளர்கள் ஏற்பார்களா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். ஆங்கில வரைவைத் திருத்தித் தர ஒருவர் முன்வந்தால் பேருதவியாக இருக்கும்.