பன்னிரண்டு வார்த்தையை யார் குரூப்ல போட்டது?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
ஞாயிறு

[மாலை 6:04] மாமா: பரண்ல இருந்து பிட்காயின் எடுக்கிற மைனிங் மெஷினை இறக்கியாச்சு. தூசி தட்டிப் பார்த்தேன், ரெண்டு ஃபேனும் சுத்துது. ஆன்ட்மைனர் எஸ்9, ஒரு காலத்து சிங்கம் 💪

[6:05] சின்னவன்: அப்பா செம. மறுபடி ஆரம்பிக்கிறோமா?

[6:06] மாமா: பின்ன எதுக்கு இறக்கினேன். 2018 டிசம்பர்ல பிட்காயின் 3,200 டாலர் பக்கம் விழுந்தப்ப பயந்து நிறுத்தினது. இப்ப விலை எங்கேயோ போயிடுச்சு

[6:08] அத்தை: பாப்பா, நீயாவது உங்க மாமாவுக்குச் சொல்லு. அது ஓடினா வீட்டுக்குள்ள பேச முடியாது. ராத்திரி பகல்னு இல்லாம வேக்குவம் கிளீனரைப் போட்டு விட்ட மாதிரி இருக்கும்

[6:15] நான்: சத்தத்தை விடுங்க அத்தை, கணக்கே உதைக்குது. மாமா, எஸ்9 எவ்வளவு வேகம்?

[6:16] மாமா: நொடிக்கு 13.5 டெராஹாஷ், அதாவது 13.5 லட்சம் கோடி கணக்குப் போடும். 1,300 வாட்

[6:21] நான்: உலகம் பூரா ஓடுற மெஷின் எல்லாம் சேர்த்தா 2025-லயே ஒரு ஜீட்டாஹாஷைத் தாண்டிடுச்சு. அதாவது 100 கோடி டெராஹாஷ். அதுல உங்க பங்கு 13.5. ஒரு நாளைக்கு சராசரியா 144 ப்ளாக், அதாவது யார் யாருக்கு அனுப்பினாங்கன்னு பதியிற கட்டு. கணக்கை முதல்ல முடிக்கிறவங்களுக்கு ஒரு ப்ளாக்குக்கு 3.125 புது பிட்காயின், ஆக மொத்தம் 450 காயின். உங்க பங்குக்கு வர்றது சுமார் 600 சடோஷி. அதுக்கு 31 யூனிட் கரண்ட்

[6:22] மாமா: 600-ன்னா பரவாயில்லையே

[6:22] அண்ணன்: மாமா, ஒரு பிட்காயினுக்கு 10 கோடி சடோஷி 😂

[6:25] நான்: பூல்காரன், அதான் எல்லார் மெஷினையும் சேர்த்து ஓட்டிப் பங்கு பிரிக்கிறவன், 0.001 பிட்காயின் சேர்ந்தாத்தான் அனுப்புவேன்னு வெச்சிருந்தா, முதல் பணம் கைக்கு வர அஞ்சரை மாசம்

[6:27] மாமா: நான் ஓட்டினப்ப அப்படி இல்லையேம்மா

[6:30] நான்: நீங்க ஓட்டினது 2017. அப்ப ப்ளாக்குக்கு 12.5. 2020 மே-ல ஒரு ஹால்விங், அதாவது அது பாதியா குறைஞ்சுது, 2024 ஏப்ரல்ல இன்னொண்ணு. நடுவுல மெஷினும் மாறிடுச்சு. எஸ்21 ஒண்ணு 200 டெராஹாஷ், 3,500 வாட். ஒரு யூனிட் கரண்டுக்கு அது 107 சடோஷி எடுக்கும், உங்க சிங்கம் 20 எடுக்கும். விலை ஏறினா புது மெஷின் நிறைய வந்து சேரும். 2016 ப்ளாக்குக்கு ஒரு தடவை டிஃபிகல்டி, அதான் கணக்கோட கஷ்டம், அதுக்கேத்த மாதிரி ஏறிடும். விலை ஏறினதை மட்டும் பார்த்து மெஷினைப் போட்டா அடி நிச்சயம்

[6:33] சின்னவன்: அப்ப கிராஃபிக்ஸ் கார்டு? என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஈதீரியத்தோட காயின் ஈதர் எடுக்கலாம்ல

[6:34] நான்: அந்தக் கடையை 2022 செப்டம்பர் 15-லயே மூடிட்டாங்கடா. ஈதீரியத்துல இப்ப மைனிங்கே கிடையாது, ஸ்டேக்கிங்தான், காயினையே ஈடா வெக்கிறது. மொனீரோன்னு இன்னொரு காயின் சாதாரண பிராசஸர்ல ஓடும், அதோட ரேண்டம்எக்ஸ் முறை அதுக்குன்னே பண்ணினது. கத்துக்க ஆசைன்னா அதை ஓட்டிப் பாரு. சம்பாதிக்க ஆசைன்னா வேண்டாம்

[6:36] சின்னவன்: பிட்டாக்ஸ்னு உள்ளங்கை அளவுல ஒண்ணு வருதே. தனியா ஓட்டி ஒரு ப்ளாக் அடிச்சா மொத்தமும் நமக்கு

[6:38] நான்: ஒரு டெராஹாஷ் சொச்சம்தான் அது. சராசரிக் கணக்குப்படி ப்ளாக் விழ 16,000-லேருந்து 19,000 வருஷம். நாளைக்கே விழுந்தாலும் விழும், இல்லேங்கல. லாட்டரின்னு தெரிஞ்சு வாங்கினா சரி

[6:39] அண்ணன்: விழுந்தா மச்சானுக்கு ஞாபகம் வெச்சுக்கோடா

[6:47] மாமா: சரி விடு. பழைய வாலட்ல கொஞ்சம் கிடக்கு, அதை எடுத்துப் புது மெஷின் வாங்கிக்கலாம்னு பார்க்கிறேன். வாலட்டைத் திறக்கிற பன்னிரண்டு வார்த்தை எழுதின பேப்பர் பத்திரமாத்தான் இருக்கு. ஆனா ஃபோன் ஆப்ல போட்டா வார்த்தை தப்புங்குது. எதைத் தப்பா எழுதியிருக்கேன்னு யாராவது பாருங்க

[6:47] மாமா: 📷 படம்

[6:48] நான்: மாமா அழிங்க

[6:48] நான்: உடனே அழிங்க. "எல்லோருக்கும் நீக்கு"

[6:49] மாமா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

[6:49] நான்: எல்லாரும் கேலரியைத் திறந்து அந்தப் படத்தை அழிங்க. டிராஷ்லயும் அழிங்க. கூகுள் ஃபோட்டோஸ் ஏத்தியிருந்தா அங்கேயும். யாரும் ஃபார்வர்டு பண்ணலியே?

[6:50] அத்தை: என்னாச்சு? நம்ம ஆளுங்க மட்டும்தானே குரூப்ல இருக்கோம்

[6:51] அண்ணன்: கடைசி வார்த்தை மாமா கட்டைவிரல்ல மறைஞ்சுதான் இருந்துச்சு. பதினொண்ணுதான் தெரிஞ்சுது. பதறாத

[6:54] நான்: அண்ணா, இந்த வார்த்தைகளை எடுக்கிற பட்டியல்ல மொத்தமே 2048 வார்த்தைதான். மறைஞ்ச ஒண்ணுக்கு 2048 தடவை போட்டுப் பார்த்தா போதும், கம்ப்யூட்டருக்கு நொடிக் கணக்கு. முதல் நாலு எழுத்து தெரிஞ்சாலே முழு வார்த்தையும் தெரிஞ்ச மாதிரி, அப்படித்தான் பட்டியலே போட்டிருக்காங்க. நம்ம மேல சந்தேகம் இல்ல அத்தை. நம்ம ஒவ்வொருத்தர் ஃபோன்லயும் என்னென்ன ஆப்புக்குப் படத்தைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கோம்னு யாருக்குத் தெரியும்? அது தெரிஞ்சா யார் வேணா காசை எடுத்துடலாம், அதனால அந்த வார்த்தைகளை இனிமே நம்பக் கூடாது. அதுல இருக்கிறதை இன்னைக்கே வேற வாலட்டுக்கு மாத்தணும்

[6:55] மாமா: அய்யய்யோ

[6:55] நான்: மாமா, எந்த ஃபோன் ஆப்ல போட்டீங்க? ரெண்டாவது, எவ்வளவு இருக்குன்னு குரூப்ல சொல்லாதீங்க

[6:57] மாமா: பேர் ஞாபகமில்லம்மா, தேடினப்ப மேல வந்தது. 2017-ல வெச்சிருந்தது எலெக்ட்ரம் வாலட்

[7:00] நான்: அப்ப நீங்க எழுதினதுல தப்பே இல்ல. எலெக்ட்ரத்துக்குன்னு தனி வார்த்தை முறை, சீட்னு சொல்வாங்க. வார்த்தைப் பட்டியல் ஒண்ணுதான், ஆனா சரிபார்க்கிற விதம் வேற. அதனாலதான் மத்த வாலட்ல போட்டா தப்புங்குது. இதுல மிரண்டுபோய் "ரிக்கவரி பண்ணித் தர்றோம்"னு வர்றவங்ககிட்ட வார்த்தையைக் கொடுத்து இழந்தவங்க நிறைய. அந்த ஆப்பை முதல்ல தூக்குங்க

[7:01] மாமா: பழைய லேப்டாப்ல எலெக்ட்ரம் இன்னும் இருக்கு. திறக்கட்டுமா?

[7:03] நான்: வேண்டவே வேண்டாம். பழைய பதிப்புல சர்வரே ஒரு மெசேஜ் காட்ட முடியும். 2018 கடைசில அதை வெச்சுத்தான் "அப்டேட் பண்ணுங்க"ன்னு போலி லிங்க் காட்டி 200 பிட்காயினுக்கு மேல சுருட்டினாங்க. சின்னவனோட லேப்டாப் புதுசுதானே, கிராக் சாஃப்ட்வேர் ஏதாவது போட்டிருக்கியாடா?

[7:04] சின்னவன்: இல்லக்கா. சத்தியமா

[7:06] நான்: சரி, நீ உக்காரு. தேடாத. தேடினா முதல்ல விளம்பரம்தான் வரும், அதுலதான் போலி சைட். முகவரியைக் கையால அடி, எலெக்ட்ரம் டாட் ஆர்க். இறக்கினதும் அசல்தானான்னு தெரிய கூட வர்ற கையெழுத்துக் கோப்பை ஜிபிஜி-ங்கிற சாஃப்ட்வேர்ல சரிபாரு

[7:24] சின்னவன்: "குட் சிக்னேச்சர்"னு வந்துடுச்சு

[7:27] நான்: புது வாலட் ஒண்ணு உருவாக்கு. வார்த்தைகளை அப்பா பேப்பர்ல எழுதட்டும். ஃபோன் அடுத்த ரூம்ல இருக்கட்டும். எழுதினதும் அந்த வாலட் கோப்பை அழிச்சிட்டு, பேப்பரைப் பார்த்தே திரும்ப உருவாக்கு. காசு வாங்குற முதல் அட்ரஸ் முன்ன வந்ததேதானான்னு பாரு. காசை அனுப்பிட்டு அப்புறம் பேப்பர்ல பிழைன்னு தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது

[7:29] பெரியம்மா: எல்லாரும் என்ன இவ்வளவு நேரமா பேசிக்கிட்டு இருக்கீங்க. யாருக்கு உடம்பு சரியில்ல?

[7:30] அத்தை: யாருக்கும் ஒண்ணுமில்ல அண்ணி. உங்க தம்பிக்குத்தான் கொஞ்சம் படபடப்பு

[7:41] சின்னவன்: அதே அட்ரஸ் வந்துச்சு. பிசி1-ன்னு ஆரம்பிக்குது. அப்பாவோட பழைய அட்ரஸ் எல்லாம் 1-ல ஆரம்பிக்குதே, அனுப்பலாமா?

[7:42] நான்: அனுப்பலாம். பழைய வார்த்தைகளைத் தனி வாலட்டா திற. அங்க "பிப்39"-னு ஒரு டிக் இருக்கும், அது மத்த வாலட்களோட வார்த்தை முறை, அதைத் தொடாத

[7:46] சின்னவன்: திறந்துடுச்சு!! இருக்கு!! ஆனா நூறு, நூத்தி இருபது வரியா துண்டு துண்டா இருக்கு

[7:47] மாமா: பூல்ல இருந்து அப்பப்ப வந்ததுப்பா

[7:52] நான்: அதுதான் மைனிங் பண்ணினவங்க எல்லாருக்கும் வர்ற தலைவலி. கட்டணம் தொகையைப் பார்த்துப் போடுறதில்ல, அனுப்புற தகவலோட அளவை, அதான் பைட்டைப் பார்த்துத்தான். 1-ல ஆரம்பிக்கிற அட்ரஸ்ல ஒவ்வொரு துண்டுக்கும் 148 பைட். 120 துண்டுன்னா சுமார் 17,800. பைட்டுக்கு 5 சடோஷின்னா 89,000 சடோஷி கட்டணம். அவசரம் இல்லேன்னா பைட்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னு இறங்குற வரைக்கும் காத்திருந்து பொறுமையா ஒண்ணா சேர்த்திருக்கலாம். இன்னைக்கு அந்த வசதி இல்ல. எலெக்ட்ரம் காட்டுற வேகமான கட்டணத்தையே போடு. அட்ரஸை ஒட்டினதும் ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாரு. முதல் நாலும் கடைசி நாலும் மட்டும் பார்த்தா போதாது, அது ரெண்டும் பொருந்துற மாதிரியே போலி அட்ரஸ் தயார் பண்றாங்க

[7:58] சின்னவன்: அப்பா வாசிச்சார், நான் பார்த்தேன். அனுப்பிட்டேன்

[7:58] மாமா: எவ்வளவு நேரம் ஆகும்?

[7:59] நான்: சராசரி பத்து நிமிஷம். சராசரிதான் மாமா. சில சமயம் ஒரு மணி நேரம்கூட ப்ளாக் விழாது

[8:05] அண்ணன்: அதுவரைக்கும் ஒண்ணு சொல்றேன். மெஷின் கிஷின் எல்லாம் வேண்டாம் மாமா. என்னை மாதிரி ஃபியூச்சர்ஸ் பண்ணுங்க, காயினை வாங்காமலே விலை மேல பந்தயம். 10 மடங்கு லீவரேஜ், அதாவது போட்ட காசைப் போல 10 மடங்குக்கு பொசிஷன். போன வாரம் நல்லா வந்துச்சு

[8:07] நான்: அதுக்கு முந்தின வாரம்?

[8:07] அண்ணன்: அது வேற கதை

[8:11] நான்: 10 மடங்குன்னா விலை 10 சதவீதம் எதிர்ப்பக்கம் போறதுக்குள்ளயே உன் பணம் காலி. பிட்காயினுக்கு 10 சதவீதம் ஒரு நாள் வேலை. பொசிஷனை வெச்சிருக்க ஃபண்டிங்னு ஒரு கட்டணம் வேற. எட்டு மணி நேரத்துக்கு 0.01 சதவீதம்னு போட்டிருப்பாங்க, சின்னதாத் தெரியும். ஆனா அது முழு பொசிஷன் மேல. நீ போட்ட காசுக்குப் பார்த்தா ஒரு நாளைக்கு 0.3 சதவீதம். விலை அசையாம நின்னாலும் தேயும்

[8:12] அண்ணன்: சரி சரி, மாமா ஸ்பாட்ல, நேரா காயினையே வாங்கி வெக்கட்டும்

[8:15] மாமா: வாங்கினதை எக்ஸ்சேஞ்ச்லயே விட்டுடலாமா? இந்த வார்த்தைத் தொல்லை இல்லாம?

[8:20] நான்: விக்கப் போறதை மட்டும் அங்க வைங்க. மவுண்ட் காக்ஸ்னு ஒரு எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரில திவால், 8,50,000 பிட்காயினைக் காணோம்னாங்க, அப்புறம் 2 லட்சம் கிடைச்சுது. சிக்கினவங்களுக்குப் பிட்காயினாத் திருப்பித் தர ஆரம்பிச்சது 2024 ஜூலைல. எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானது 2022 நவம்பர். அங்க திருடன் வெளிய இருந்து வரல, வாடிக்கையாளர் பணத்தை உள்ளேயே எடுத்து விளையாடினாங்க. எக்ஸ்சேஞ்ச்ல தெரியிற எண் அவங்க உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, அவ்வளவுதான்

[8:22] அண்ணன்: அதுக்காக எல்லாரும் சொந்தமா வெச்சா இன்னைக்கு மாதிரிதானே ஆகும்? மாமாகிட்ட இருந்த பேப்பரைவிட எக்ஸ்சேஞ்ச் பாதுகாப்பு

[8:26] நான்: அது நியாயமான கேள்விதான். பேப்பரை ஃபோட்டோ எடுக்கிற ஆளுக்கு ரெண்டுமே ஆபத்து. அதனால ஹார்டுவேர் வாலட், வார்த்தைகளை உள்ளயே வெச்சுக்கிற சின்ன மெஷின். கம்பெனி சைட்லயே வாங்கணும், செகண்ட்ஹேண்ட் கூடவே கூடாது. பெட்டிக்குள்ள வார்த்தைகளை அச்சடிச்ச அட்டை இருந்தா அது திருடன் அனுப்பினது. வார்த்தைகளை மெஷின்தான் அதோட சின்னத் திரைல காட்டணும். அனுப்புறப்பவும் கம்ப்யூட்டர் காட்டுறதை நம்பாம அந்தச் சின்னத் திரையைப் பாருங்க. 2025 பிப்ரவரில பைபிட் எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 150 கோடி டாலர் போனது அதுலதான். பெரிய பெரிய ஆளுங்க, கம்ப்யூட்டர் திரைல சரியாத் தெரிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டாங்க, உள்ள போனது வேற

[8:31] அத்தை: எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது? இவர் எனக்கு எதையும் சொன்னதில்ல

[8:32] மாமா: ஏன் இப்படிப் பேசுற

[8:36] நான்: அத்தை கேட்டதுதான் இன்னைக்கு உருப்படியான கேள்வி. மாமா, ஒரு கடிதம் எழுதி வைங்க. வார்த்தைகள் அதுல வேண்டாம். எந்த வாலட், பேப்பர் எங்க இருக்கு, யார்கிட்ட உதவி கேக்கலாம், யாரை நம்பக் கூடாது, இதெல்லாம். வார்த்தைகளை உலோகத் தகட்டுல பொறிச்சு வேற இடத்துல வைங்க. கூடுதலா பாஸ்ஃப்ரேஸ்னு ஒரு ரகசியச் சொல் போடலாம், ஆனா மறந்தா அதோட போச்சு. உங்க ஞாபகசக்திக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்

[8:37] அத்தை: 😂 கல்யாண நாளே ஞாபகம் இருக்காது

[8:41] சின்னவன்: விழுந்துடுச்சு!!! ஒரு கன்ஃபர்மேஷன்

[8:42] மாமா: அப்பாடா. உயிர் வந்துச்சு. முடிஞ்சுதா?

[8:46] நான்: ஆறு கன்ஃபர்மேஷன் வர்ற வரைக்கும் பார்த்துக்கோங்க. இன்னொண்ணும் பாக்கி இருக்கு. உங்களுக்கு முதல் பேமென்ட் எப்ப வந்தது?

[8:47] மாமா: 2017 மார்ச்

[8:51] நான்: அப்ப 2017 ஆகஸ்ட் 1-ல பிட்காயின்ல இருந்து பிட்காயின் கேஷ்னு தனிக் காயின் பிரிஞ்சப்ப உங்ககிட்ட இருந்ததுக்கெல்லாம் அதே அளவு கேஷும் இருக்கு. நீங்க எடுத்திருக்கவே மாட்டீங்க. அதுக்கும் அதே பன்னிரண்டு வார்த்தைதான், அதனால அதுவும் இன்னைக்கே நகரணும். பிட்காயின் கிளம்பிட்டதால இப்ப அந்த வார்த்தையை எலக்ட்ரான் கேஷ்ங்கிற அதோட வாலட்ல போடலாம். எப்பவும் இந்த வரிசைலதான் பண்ணணும். சின்னவா, இறக்குறது சரிபார்க்கிறது எல்லாம் பழையபடி

[8:52] சின்னவன்: மறுபடி ஜிபிஜியா 😩

[8:52] நான்: மறுபடி

[8:54] அத்தை: அப்ப அந்த மெஷின்?

[8:55] மாமா: குளிர் தேசத்துல எஸ்9-ஐ ஹீட்டரா ஓட்டுறாங்களாம்

[8:56] அத்தை: நாளைக்கே பழைய சாமான்காரர்கிட்ட போகுது

[9:21] சின்னவன்: எலக்ட்ரான் கேஷ் திறந்துடுச்சு. அப்பா, இருக்கு!

[9:22] பெரியம்மா: எவ்வளவுடா?

[9:22] மாமா: அக்கா, குரூப்ல சொல்லக் கூடாதாம். ஃபோன் பண்றேன்