பெற்றோர் கூட்டம், வீட்டுப்பாடம், கையெழுத்து: உங்களை இன்னும் உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள்

கீழத்தெரு அம்மா

எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு பற்றி இங்கே அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022-ல் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னையும் சேர்த்தார்கள். 20 பேரில் 15 பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்று கணக்கு. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம். நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். அரை நாள் கேட்டால் முழு நாள் சம்பளம் போகும்.

ஒரு ராத்திரி தண்ணி பாட்டிலை எடுக்க மகளின் பைக்குள் கை விட்டேன், தீர்மானப் புத்தகம் வந்தது. பிரவுன் அட்டை போட்ட நீள நோட்டு. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மேலே, "கழிப்பறைக் குழாய் சரிசெய்யப்பட்டது குறித்துப் பெற்றோர் மகிழ்ச்சி தெரிவித்தனர். ஏகமனதாக நிறைவேறியது." நான் போகாத கூட்டத்தில் நான் மகிழ்ந்திருக்கிறேன்.

மகளிடம் குழாயில் தண்ணீர் வருதா என்று கேட்டேன். "வாளியில எடுத்துட்டுப் போவோம்மா" என்றாள். பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டு, "தண்ணீர் வரவில்லை என்று மகள் சொல்கிறாள்" என அதே இடத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். யாரும் கோபப்படவில்லை, கூப்பிட்டும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறதா, கிழித்துவிட்டார்களா, அதுவும் தெரியாது.

சாக்பீஸ்

மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். தினமும் வீட்டில் யாராவது ஐந்து சொல் சொல்ல வேண்டும், பிள்ளை எழுதி வர வேண்டும். இதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். பாதிப் பேர் பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுத வைப்பார்கள். அதில் தப்பே இருக்காது. அங்கேயே தெரிந்துவிடும்.

ஒருத்தி நோட்டில் மட்டும் ஒரு நாள்: டீசல், தார்ப்பாய், வெங்காயம், டோல்கேட், தூக்கம். மறுநாள்: பஞ்சர், நாசிக், மழை, ரசீது, அம்மா. கோணல் கையெழுத்து, பாதி தப்பு. 'தார்ப்பாய்'க்கு 'ப்' இல்லை. யார் சொன்னார் என்று கேட்டால், அப்பா. லாரி ஓட்டுகிறார். போன் அவரிடம்தான் இருக்கும், குரூப்பைப் பார்ப்பதும் அவர்தான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து, கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறார். வருடக் கடைசிவரை அவர் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக வரிசையாக 'வரவில்லை' என்றுதான் இருக்கிறது.

ஓய்வு ஹெச்.எம்.

இருவருக்கும் வணக்கம். சாக்பீஸ் டீச்சர் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முறையல்ல. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதே அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கத்தான். இன்னும் எழுத்து கூட்டத் திணறும் பிள்ளைக்கு 'தார்ப்பாய்' எதற்கு? எளிய சொல், மெய் வரும் சொல், ஒற்று மிகும் சொல் என்று படிப்படியாகப் போக வேண்டும். பெற்றோர் இஷ்டத்துக்கு விட்டால் நாளை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கீழத்தெரு அம்மாவுக்கு: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் செலவாவதைப் பார்ப்பது அவர்கள் வேலை. கையெழுத்துப் போடுவது மட்டும் அல்ல. நீங்கள் எழுதியது சரிதான், ஆனால் அதோடு நிற்கக்கூடாது. தனித்தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். நடக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர். அதுவும் போதாதென்றால் கிராமசபை இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பிரிவு 24-ஐப் படியுங்கள். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரைத் தவறாமல் சந்தித்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்றே எழுதியிருக்கிறது. கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை முதலில் நீட்டாதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். ஜூன் மாதத்துப் பக்கத்தையும் இந்த மாதத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் வித்தியாசம் புரியும். ஒரு பிள்ளையின் குறையை இன்னொரு பெற்றோர் காதுபடச் சொல்லாதீர்கள். முக்கியமாக, பெரியவர்களைப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், எப்போது எழுந்து போகலாம் என்றுதான் பார்ப்பார்.

என் அனுபவம் என்றால், ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு தாத்தா வந்தார். அவரும் ரேஷன் கடை என்று நினைத்து வந்தவர்.

ராத்திரி ஷிப்ட்

ஐயா, அந்தத் தாத்தா கதையைத்தான் முழுசா எழுதியிருக்க வேண்டும்.

என்னுடையது தனியார் பள்ளி. மகன் மூன்றாவது. ராத்திரி ஒன்பதரைக்கு டைரியைப் பார்த்தால் நாளைக்கு சூரியக் குடும்பம் மாடல். தெருமுனை ஸ்டேஷனரிக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து, "தெர்மாகோல் இருக்கா?" என்றேன். உள்ளேயிருந்து குரல்: "மூணாம் கிளாஸா? சூரியக் குடும்பமா?" ஆமாம் என்றதும் கவரோடு நீட்டினார். ஒன்பது பந்து, கம்பி, கறுப்புச் சார்ட், பெவிகால், எல்லாம் ரெடி பேக். சனிக்கோளுக்கு வளையம்கூட வெட்டி வைத்திருந்தார். "இன்னிக்கு மட்டும் இதோட பதினாலு போச்சு சார்" என்றார்.

ராத்திரி பன்னிரண்டுவரை நானும் மனைவியும் பெயின்ட் அடித்தோம். மகன் ஒருமுறை பிரஷ்ஷைக் கேட்டான், "கெடுத்துடுவ, போய்த் தூங்கு" என்றாள் அவன் அம்மா. மாடலுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு இன்ஜினியர் அப்பா செய்தது, மோட்டார் வைத்துச் சுற்றியது.

பனியன் ஊர் டீச்சர்

இது திருப்பூர். என் வகுப்பில் பீகார், ஒடிசா பிள்ளைகள் கணிசம். பிறந்ததே இங்கே என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அப்பா அம்மாவுக்குத்தான் 'சரிங்க' தாண்டி வராது.

இரண்டாம் வகுப்புப் பையன். அப்பா சாயப்பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார், நகக்கண்ணெல்லாம் நீலம். எனக்கு ஹிந்தி தெரியாது. பையனிடமே, "வீட்டுப்பாடம் எழுதறதே இல்ல, பக்கத்துல இருக்கறவனைப் பென்சிலால குத்தற, இதை அப்பாகிட்ட சொல்லு கண்ணு" என்றேன். பையன் நிமிர்ந்து நின்று நீளமாக ஏதோ சொன்னான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகன் தலையைத் தடவி, பத்து ரூபாய் எடுத்துச் சட்டைப்பையில் வைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பையன் என்னைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்தான்.

அந்த இடத்தில் என்ன செய்ய முடியும்? நானும் கும்பிட்டேன்.

ஐந்து டூ ஏழு

டீச்சர், சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்னிடம் அந்தப் பையனுக்குத் தங்கச்சி மாதிரி ஒருத்தி இருந்தாள்.

நான் இல்லம் தேடிக் கல்வி என்று, பள்ளி விட்ட பிறகு ஊரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அரசுத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்தார்களே, அதற்கு அப்புறம் எங்கள் ஊரிலும் வந்தது. சாயங்காலம் வகுப்பு, எனக்கு மாதம் 1000 ரூபாய் தந்தார்கள். என் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போகிற அம்மாக்கள், இங்கே பூத் தொடுத்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

ஒரு அக்கா, "எனக்குப் படிக்கத் தெரியாதே, வீட்டுல என்னன்னு சொல்லித் தர்றது?" என்றார். "சொல்லித் தர வேண்டாம்க்கா, அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருங்க, போதும்" என்றேன். நாலைந்து நாள் கழித்து மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "இவ வாசிக்கறா, நானும் கேக்கறேன். நேத்து யானைக் கதை. பாதியில எட்டிப் பாத்தா அந்தப் பக்கத்துல படம் மட்டும்தான் இருக்கு, எழுத்தே இல்ல. அதுல என்னத்தடி இவ்வளவு நேரம் வாசிச்ச?"

எனக்கு அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. யானைக்குத் தண்ணீர் கிடைத்து, குட்டி பிறந்து, கல்யாணம்வரை கதை போயிருக்கிறது.

சாக்பீஸ்

ஓய்வு ஹெச்.எம். ஐயாவுக்கு: அரும்பு, மொட்டு, மலர் நானும்தான் நடத்துகிறேன். வகுப்பில் படிப்படியாகத்தான் போகிறேன். வீட்டில் நடப்பது பயிற்சித்தாளின் இரண்டாம் பாகமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவள் 'தார்ப்பாய்'க்கு 'ப்' விட்டாள், அடுத்த நாள் நான் ஒற்று நடத்தும்போது அந்தச் சொல்லைத்தான் போர்டில் எழுதினேன். வகுப்பே தார்ப்பாய் பார்த்திருக்கிறது. அவளுக்கு மட்டும் அது அப்பா சொன்ன சொல். பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர் அக்கறை இல்லாதவர் என்று நாம் எழுதி வைக்கிற அந்தக் கட்டத்தைத்தான் எனக்கு நம்ப முடியவில்லை.

ஓய்வு ஹெச்.எம்.

போர்டில் எழுதியதைச் சொல்லியிருந்தால் நான் பேசியிருக்கவே மாட்டேன். இருந்தாலும் பதிவேட்டில் 'வரவில்லை' என்பது வரவில்லைதான். வேறு எப்படி எழுதுவது?

திருப்பூர் டீச்சர், அந்தப் பையன் என்ன ஆனான்?

பனியன் ஊர் டீச்சர்

அவர்கள் லைன் வீட்டில் ஒரு தையல் அக்கா இருக்கிறார், இரண்டு பாஷையும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறை லீவு. மார்க்கெட் போகிற வழியில் அங்கே போய் நின்றுவிட்டேன். அக்கா நான் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்டார். பையன் அதில் அன்றைக்கே மிட்டாய் வாங்கித் தின்றாயிற்று. கொஞ்ச நாளாக வீட்டுப்பாடம் வருகிறது. பென்சில் குத்து குறையவில்லை.

கீழத்தெரு அம்மா

ஐயா சொன்ன மாதிரி தனித்தாளில் எழுதிவிட்டேன். ஹெச்.எம். கையில் கொடுக்க மறுபடியும் அரை நாள் லீவு போட வேண்டும், அதுதான் யோசனை. இங்கே யாராவது தலைமையாசிரியர் இருந்தால், காலையில் பிள்ளையை விட வருகிற நேரத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியுமா என்று சொல்லுங்கள்.

ராத்திரி ஷிப்ட்

அடுத்த வாரம் எரிமலையாம். யாரிடமாவது பழையது இருக்கிறதா? கூரியர் செலவு நான் தருகிறேன்.