வேலூர்ப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலை மலை தெரியுமா? பூமியின் வளைவு எவ்வளவு மறைக்கும்?

சத்துவாச்சாரி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். இங்கிருந்து திருவண்ணாமலை நேர்க்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். மொட்டைமாடியில் நின்று தெற்கே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அண்ணாமலையின் உச்சி தென்படுவதில்லை. பூமி உருண்டை என்பதால் மலை தொடுவானத்துக்குக் கீழே போய்விடுகிறது என்கிறார் நண்பர். ஆரணிப் பக்கத்து வயல்வெளியிலிருந்து மலை தெரியும் என்று பெரியவர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். எது சரி?

நில அளவையர்:
ஐயா, உங்கள் பார்வையை மறைப்பது பூமியின் வளைவு அன்று. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். காற்றில் ஒளி சற்றே வளைந்து வருவதையும் சேர்த்துக்கொண்டால் 3.86 என்று கொள்ளலாம். அண்ணாமலையின் உயரம் 814 மீட்டர். சுற்றியுள்ள சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 625 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வர்க்கமூலம் 25, தொலைவு சுமார் 96 கிலோமீட்டர். பார்ப்பவரின் கண் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவர் பங்குக்கு இன்னும் 12 கிலோமீட்டர் சேரும். ஆக, 108 கிலோமீட்டர் வரை உச்சி தெரிய வழியுண்டு. வேலூருக்கு நேர் தெற்கே குறுக்கிடுபவை சவ்வாது மலையின் கிழக்கு விளிம்பும் அதையொட்டிய குன்றுகளும்தான்.

ஆரணியிலோ தொலைவு சுமார் 53 கிலோமீட்டர். அதே உயரத்து மாடியிலிருந்து பார்த்தால், அடிவாரத்தில் 110 மீட்டர் அளவு மட்டும் வளைவில் மறையும். எஞ்சிய 500 மீட்டரும் ஏறத்தாழ முழுநிலவின் விட்டமளவு உயரமாகத் தொடுவானத்தின் மேல் நிற்கும்.

இயற்பியல் ஆசிரியர்:
மேற்கண்ட கணக்கு சரியானதே, ஆனால் 3.86 என்பது சராசரி மட்டுமே. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் ஒளி கூடுதலாக வளைவதால் மலை சற்று உயர்ந்து தெரியும். நடுப்பகல் வெயிலில் தாழ்ந்துவிடும். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து ஆங்கிலேய நில அளவையர் லாம்டன் தொடங்கிய, இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் முக்கோண அளவையில், தொலைதூர உச்சிகளைக் கோணத்தால் அளந்தவர்களுக்கு இது பெருந்தொல்லையாக இருந்தது.

நடைமுறையில் பெரும்பாலும் முதலில் தோற்பது காற்றின் தெளிவுதான். தூசியும் ஈரப்பதமும் ஒளியைச் சிதறடிப்பதால் மலைக்கும் அதன் பின்னுள்ள வானத்துக்கும் நிற வேறுபாடு அற்றுப்போகிறது. 2020 ஊரடங்கில் காற்று தெளிந்தபோது பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து இமயமலையின் தவுலதார் தொடர் தெரிந்ததை நினைவிற்கொள்ளுங்கள். மலைகள் முன்பும் அங்கேயேதான் இருந்தன. ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலையிலிருந்து ஆல்ப்ஸ் உச்சி ஒன்றை 443 கிலோமீட்டர் தொலைவில் மார்க் பிரெட் என்ற ஒளிப்படக்காரர் 2016இல் படமெடுத்தார். இரு முனைகளும் மிக உயரத்தில் இருந்ததால்தான் அது கைகூடியது.

ஆரணி வாசகர்:
பெரியவர்கள் சொன்னதை நீங்களே சரிபார்க்கலாம். ஆரணியில் மரமும் கட்டடமும் மறைக்காத ஒரு மாடியில் நின்று, திசைகாட்டியில் நேர் தெற்கிலிருந்து மேற்காக 27 டிகிரி திரும்பிப் பாருங்கள். நல்ல மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலை நேரமே ஏற்றது. நம் பக்கமுள்ள சரிவில் அப்போதுதான் வெயில் நேராக விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்புறமாக இறங்குவதால் வெறும் வடிவம் மட்டுமே தெரியும், மங்கலான நாளில் அதுவும் தெரியாது.