மச்சாளுக்கு எச்.ஐ.வி. – மருமகனின் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேணுமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
அண்ணா போன வருடம் தவறிவிட்டார். மச்சாளும் மகனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மச்சாளுக்கு எச்.ஐ.வி. இருப்பது பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. அன்றுதொட்டு ஒழுங்காகக் குளிசை எடுக்கிறார். மகனுக்கு இல்லை, 18 மாதத்தில் செய்த கடைசிப் பரிசோதனையிலும் இல்லை என்றுதான் வந்தது.

அம்மாவுக்குத்தான் பயம் போகவில்லை. மச்சாளின் கோப்பையை மட்டும் அடுப்படி யன்னலில் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார். அதைப் பார்த்த மருமகன், இப்போது தன் கோப்பையையும் கொண்டுபோய் அதற்குப் பக்கத்தில் கவிழ்க்கிறான். எனக்கு நெஞ்சே வெடிக்கும்போல இருக்கிறது.

அடுத்த வருடம் அவனை முதலாம் தரத்தில் சேர்க்க வேணும். தாயின் நோயை அதிபரிடம் சொல்ல வேணுமா? கதை வெளியே போனால் என்ன செய்வது?

பதில் 1 (வாழைச்சேனை):
நானும் உங்கள் மச்சாளைப் போலத்தான் அக்கா, குளிசையோடு இருக்கிறேன். வருத்தத்தைவிட ஒதுக்கி வைப்பதுதான் ஆளைத் தின்னும். அம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் பார்க்க அந்தக் கோப்பையிலேயே நீங்கள் சோறு போட்டுச் சாப்பிடுங்கள்.

பதில் 2 (அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற மருத்துவமாது):
அதிபரிடம் சொல்லத் தேவையில்லை தங்கச்சி. தாயின் இரத்த ரிப்போர்ட் தாயின் சொந்த விசயம். ஒரே கோப்பை, ஒரே கிணறு, மடியில் படுப்பது, நுளம்புக்கடி, எதனாலும் இது தொற்றாது. பிள்ளைத்தாச்சிமாரைப் பரிசோதித்து நேரத்துக்கு மருந்து கொடுத்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. உங்கள் மருமகனும் அப்படித் தப்பிய பிள்ளைதான். அம்மாவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் எஸ்.டி.டி. (பாலியல் தொற்று நோய்) கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வீட்டார் சொல்லிக் கேட்காதவர்கள் டொக்டர் சொன்னால் கேட்பார்கள்.

பதில் 3 (கல்முனை):
கதை பரவினாலும் பிள்ளையை யாரும் மறுக்க முடியாது. 2016இல் குளியாப்பிட்டியில் வெறும் வதந்தியை வைத்து ஒரு சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடவில்லை. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கவேயில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், எச்.ஐ.வி.யைக் காட்டிப் படிப்பை மறுக்கக்கூடாது என்று 2017இல் முடிந்தது. உங்களுக்கு அப்படி நடந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்திலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

கேட்டவர்:
நன்றி. மச்சாளுக்குச் சொல்லாமல் அம்மாவை முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவா?

பதில் 2:
வேண்டாம் மகள். முதலில் மச்சாளிடம் கேளுங்கள். அவ சம்மதித்தால் மூன்று பேரும் சேர்ந்தே போங்கள்.