கிராங்கன்காசே கட்டாயம்: அவரவர் பட்டது

பேர்ன் பக்கம், எண்பதுகளில் வந்தவர்:

சுவிஸில் ஒக்டோபர் பிறந்தால் கலியாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, எங்கட ஆட்களுக்கு ஒரே கதைதான். கிராங்கன்காசேயிலிருந்து, அதாவது மருத்துவக் காப்புறுதி நிறுவனத்திலிருந்து, புதுக் கடிதம் வந்துவிட்டதா, மாதக் கட்டணம் எவ்வளவு கூடியிருக்கிறது? 2024க்கு நாட்டுச் சராசரி 8.7 சதவீதம் ஏறியது, 2025க்கு இன்னொரு 6 சதவீதம். அந்தச் சூட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அரசாங்கம் ஏன் என்னை வற்புறுத்திக் காப்புறுதி எடுக்க வைக்குது? இது என்ன சுதந்திர நாடு?"

கேட்பவர்கள் பெரும்பாலும் 1996க்குப் பிறகு வந்தவர்கள். அதற்கு முன்பு நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயம் இருக்கவில்லை. நாங்கள் விரும்பினால் சேரலாம். ஆனால் அந்த விருப்பம் காசேக்காரனுக்கும் இருந்தது. வயது போய்ச் சேர்ந்தால் கட்டணம் கூட. பெண் என்றால் ஆணை விடக் கூடக் கட்டச் சொல்லலாம். ஏற்கெனவே இருக்கிற நோயைச் சில வருடங்களுக்கு ஒதுக்கி வைக்கலாம். எனக்கு அப்போதே சீனி வருத்தம். வேறு காசேக்கு மாறலாம் என்று ஒரு முகவரைக் கூப்பிட்டேன். தேத்தண்ணி குடித்தார், நன்றாகக் கதைத்தார், விண்ணப்பத்தில் 'தற்போதுள்ள நோய்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டார்.

1994 டிசம்பர் 4 இல், எல்லாருக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். 51.8 சதவீதம்தான் ஆம் என்றார்கள், மயிரிழை. ரூத் திரைபுஸ் அமைச்சராக இருந்த காலம் அது. எங்களில் அநேகமானோருக்கு அன்று வாக்கே இல்லை. 1996 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு மறுபடி மாறப் போனேன். அடிப்படைக் காப்புறுதிக்கு இம்முறை நோய் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்கவும் முடியாது. நான் எடுத்தே ஆகவேண்டும், அவன் என்னைச் சேர்த்தே ஆகவேண்டும். 'கட்டாயம்' என்று சத்தம் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

நம்பாவிட்டால் மேலதிகக் காப்புறுதிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், தனி அறை, அரைத் தனி அறை என்று விற்பார்களே, அது. அதில் கட்டாயம் இரண்டு பக்கமும் கிடையாது. என் மச்சானுக்கு இதயத்தில் குழாய் வைத்தவர். ஒரு வரியில் 'மன்னிக்கவும்' என்று பதில் வந்தது. முழுச் சுதந்திரம் என்றால் அதுதான்.

சூரிச், இங்கே பிறந்தவன்:

அண்ணை சொல்வது சரி. ஆனால் அது அவருடைய வயதிலிருந்து பார்க்கிற சரி.

25 வயது வரைக்கும் இளையோர் கட்டணம். 26 ஆகும் வருடம் திடீரென்று பெரியவர் கட்டணம், சம்பளம் அதே சம்பளம்தான். என் கோபம் கட்டாயத்தின் மேல் இல்லை, தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கின் மேல். ஒரே ஊர், ஒரே காசே, ஒரே மாதிரி ஒப்பந்தம் என்றால் வங்கி மேலாளரும் அவர் கந்தோரைத் துடைக்கிற என் அம்மாவும் ஒரே தொகை கட்டுகிறார்கள். வருமான வரியில் இப்படிச் செய்தால் நாடு கொதிக்கும்.

கட்டணத்தைக் குறைக்க ஆண்டுச் சுயபங்கை 2500 பிராங்குக்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். ஆகக் குறைந்தது 300. அதாவது வருடத்தில் முதல் 2500 வரைக்கும் வைத்தியர் பில் முழுக்க என் சட்டைப்பையிலிருந்து. அதற்கு மேலும் பத்து சதவீதம், 700 பிராங் வரை. போன மாரியில் முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை, ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தேன். மாதா மாதம் காப்புறுதிக்குக் கட்டுகிறவன் வைத்தியரிடம் போகப் பயப்படுகிறேன் என்றால் இதற்குப் பெயர் என்ன? எனக்குத் தெரிந்த பாதிப் பெடியன்கள் இப்படித்தான்.

2024 ஜூன் 9 ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் மூன்று விசயம் இதைத் தொட்டு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டணம் போகக்கூடாது என்றது ஒன்று, செலவுக்குக் கடிவாளம் போடச் சொன்னது இன்னொன்று, 'சுதந்திரமும் உடலின் பாதுகாப்பும்' என்று கொரோனா ஊசிச் சண்டையில் பிறந்தது மூன்றாவது. மூன்றும் தோற்றது. சுதந்திரம் என்று பெயர் வைத்ததுதான் ஆக மோசமாகத் தோற்றது, கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு எதிர்ப்பு. பத்து சதவீதத்துக்கு நான் ஆம் போட்டேன். அப்பா வேண்டாம் என்று போட்டார், வரி கூடுமாம். அன்றைக்கு இரவு வீட்டில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கிழக்குப் பக்கம், உணவகத்தில் வேலை:

நான் பெரிய அரசியல் எழுத வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் வேலை இல்லாமல் இருந்த காலத்தில் காசேக்குக் கட்டவில்லை. எனக்குச் சொல்லவும் இல்லை. நினைவூட்டல் கடிதங்களைக் காரின் டிக்கிக்குள் போட்டு வைத்திருந்தார். பிறகு கடன் அறவிடும் கந்தோரிலிருந்து என் பெயருக்கே வந்தது. கலியாணம் கட்டிச் சேர்ந்து இருக்கும் வரைக்கும் இந்தக் கடனுக்கு இரண்டு பேரும் பொறுப்பாம். சரி, மலிவான காசேக்கு மாறிச் சமாளிப்போம் என்றால், பாக்கி இருக்கிறவர் மாற முடியாது. கூடக் கட்டியதால்தான் விழுந்தோம், கூடக் கட்டுகிற இடத்திலேயே கட்டிப் போட்டு வைத்தார்கள்.

எங்கள் கன்ரோனில், அதாவது மாநிலத்தில், அப்போது கறுப்புப் பட்டியலும் இருந்தது. பாக்கிக்காரருக்கு அவசர சிகிச்சை மட்டும். எல்லாக் கன்ரோனிலும் இது கிடையாது, சில இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். மருந்துக்கடைப் பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆஸ்துமா பம்புக்குக் கைக்காசு கொடுத்தேன். எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள், கட்ட முடியாதவரை மட்டும் பின்கதவால் வெளியே விடுகிறார்கள். நீங்கள் சொல்லும் சுதந்திரம் எனக்கு விளங்குது. ஆனால் மாறுகிற சுதந்திரம், 'பார்த்து நல்ல காசே எடுங்கோ' என்று எல்லாரும் புத்தி சொல்வது, அதெல்லாம் காசு வைத்திருக்கிறவருக்குத்தான்.

கட்டணத்துக்கு அரச உதவி இருக்கிறது என்று தேவாலயத்தில் ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். சில கன்ரோனில் தானாகக் கடிதம் வரும், சில இடத்தில் நாங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நல்ல விசயம், 2024 இலிருந்து பெற்றார் கட்டாமல் விட்ட பாக்கியைப் பிள்ளை வளர்ந்த பிறகு பிள்ளையின் தலையில் போட முடியாது.

லூசேர்ன், அகதி விண்ணப்பம் நடக்கிறது:

எல்லாரும் எந்தக் காசே நல்லது என்று கதைக்கிறீர்கள். எங்களுக்குக் கன்ரோன்தான் தெரிந்து போடும். எந்த வைத்தியரிடம் முதலில் போக வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். குறை சொல்லவில்லை, பல்லைத் தவிர எல்லாம் பார்த்தார்கள்.

பேர்ன், மறுபடியும்:

பல் உங்களுக்கு மட்டும் இல்லைத் தம்பி, எங்களுக்கும் இல்லை. விபத்து, சில கடும் நோய்கள் தவிர அடிப்படையில் பல் வராது.

சூரிச் தம்பி, முழங்காலைக் காட்டும். வருத்தம் தொடர்ந்து இருக்கும் என்று தெரிந்தால் அடுத்த வருடத்துக்கு 300க்கு இறக்கிவிடலாம், காசே மறுக்க முடியாது. வேலைத்தளத்தில் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை என்றால் விபத்துக் காப்புறுதி முதலாளி பக்கம், காசேயில் அதை எடுத்துவிட்டால் கட்டணம் கொஞ்சம் குறையும். விழுந்து வீங்கியதென்றால் பில் அங்கேதான் போகவேண்டும், உம்முடைய 2500ஐத் தொடாது. எப்படி வீங்கியது என்று எழுதவே இல்லையே?

தங்கச்சி, பாக்கி முடிந்துவிட்டதென்றால் இந்த முறை மாறப் பாரும். விலகல் கடிதம் நவம்பர் 30க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அன்றைக்குத் தபாலில் போட்டால் செல்லாது. பதிவுத் தபாலில் அனுப்பும். அதற்கு முன் புதிய காசேயில் பதிந்துகொள்ளும், அடிப்படைக்கு அவர்கள் உம்மை மறுக்க வழியில்லை.