காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப்: ஆடாத வாரத்தில் நோட்டர் டேம் எப்படிப் பின்னால் போனது?

இண்டியானா_அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் நோட்டர் டேமில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டமே புரிய ஆரம்பித்தது. 2025 டிசம்பர் 7, ஞாயிறு மதியம், பிளேஆஃபுக்கான, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் கடைசிச் சுற்று ஆட்டங்களுக்கான, 12 அணிகளை டிவியில் அறிவித்தார்கள். நோட்டர் டேம் இல்லை. இப்போது சீசனே முடிந்து, இண்டியானா கோப்பையும் வாங்கிவிட்டது. இவனுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

அவன் சொல்வது இதுதான். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வந்த தேர்வுக் கமிட்டியின் தரவரிசைப் பட்டியலில் நோட்டர் டேம் 10, மயாமி 12. அந்த வார இறுதியில் இரண்டு அணிகளுமே ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மயாமி 10, நோட்டர் டேம் 11. அந்தப் பட்டியலில் 10-ஆம் இடம் வரைதான் உள்ளே போனார்கள். "ஆடாத ஆட்டத்துல எப்படிம்மா தோத்தோம்?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 31 அன்று மயாமி இவர்களை 27-24 என்று ஜெயித்தது உண்மை. அது முக்கியம் என்றால் நவம்பர் முழுக்க மயாமியை ஏன் கீழே வைத்திருந்தார்கள்? முக்கியமில்லை என்றால் கடைசி நாளில் மட்டும் எப்படி முக்கியமாயிற்று? ஐபிஎல்லில் புள்ளிப் பட்டியல் உண்டு, சமமானால் ரன்ரேட் உண்டு. இங்கே ஒரு கமிட்டி ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டாலஹாசி_பாலா:

அக்கா, உங்கள் பையன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நான் இருப்பது டாலஹாசியில். 2023-இல் எங்கள் ஊர் ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், புள்ளிப் பட்டியல் ஏன் இல்லை என்பது. மேல்மட்டத்தில் 130-க்கும் அதிகமான அணிகள். ஒவ்வொன்றும் ஆடுவது 12 ஆட்டம், அதில் பெரும்பாலானவை தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தான் சேர்ந்திருக்கும் அணிக் குழுவுக்குள்ளேயே. எஸ்.இ.சி. என்ற பலமான கான்ஃபரன்ஸில் 10-2 (10 வெற்றி, 2 தோல்வி) எடுப்பதும் சின்ன கான்ஃபரன்ஸில் 10-2 எடுப்பதும் ஒன்றல்ல. ஆகவே வெற்றிகளை எண்ணினால் மட்டும் போதாது, யாரோ எடை போட்டுத்தான் ஆக வேண்டும். 1998 முதல் 2013 வரை பி.சி.எஸ். என்ற முறையில் கருத்துக் கணிப்பையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து இரண்டே அணிகளை எடுத்தார்கள். 2014-இலிருந்து கமிட்டி. கமிட்டி இருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எடைக்கல்லை வாரத்துக்கு வாரம் மாற்றுகிறார்களே, என் கோபம் அதில்தான்.

நவம்பர் 4 அன்று வந்த முதல் பட்டியலில் நோட்டர் டேம் 10, மயாமி 18. கமிட்டி அணிகளைச் சின்னச் சின்னக் கூட்டமாக எடுத்துத்தான் ஒப்பிடும். நேருக்கு நேர் ஆடிய முடிவு, எதிராளிகளின் பலம், பொது எதிராளிகளோடு ஆடியது எல்லாம் அந்தக் கூட்டத்துக்குள்தான் பேச்சுக்கு வரும். இடையில் எட்டு இடம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே மாட்டார்கள். டிசம்பர் 2 அன்று நோட்டர் டேம் 10, பி.ஒய்.யு. (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) 11, மயாமி 12. அந்தச் சனிக்கிழமை பி.ஒய்.யு. பிக் 12 என்ற தன் கான்ஃபரன்ஸின் இறுதியில் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றுக் கீழே போனது. நடுவிலிருந்த அணி நகர்ந்ததும் மயாமியும் நோட்டர் டேமும் அடுத்தடுத்து வந்துவிட்டன, அப்போதுதான் ஆகஸ்ட் ஆட்டத்தை எடுத்துப் பார்த்தோம் என்று கமிட்டித் தலைவர் ஹன்டர் யூராசெக் விளக்கினார்.

அவர்கள் விதிப்படி இது சரிதான். அறிவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டால், இல்லை. இரண்டு அணியும் 10-2. நேரடியாக மோதி ஒன்று ஜெயித்திருக்கிறது. மூன்றாவது அணி ஒன்று வேறு ஊரில் தோற்றால்தான் அந்த வெற்றி கண்ணில் படும் என்றால் அது என்ன முறை? மயாமி உள்ளே போனது நியாயம் என்பது என் கருத்து, உங்கள் பையனுக்கு வருத்தமாக இருந்தாலும். அவர்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம்-ஐ 10-3, ஒஹாயோ ஸ்டேட்டை 24-14, ஓல் மிஸ்ஸை 31-27 என்று ஜெயித்து இறுதிப்போட்டி வரை போனார்கள். ஆனால் ஒரு மாதமாக நோட்டர் டேம் பையன்களிடம் "நீங்கள் மேலே இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு, ஆடாத வாரத்தில் கீழே இறக்கியது அநியாயம்.

அந்த வாராந்திரப் பட்டியலே தேவையில்லை. டிவி நிகழ்ச்சிக்கு உதவுகிறது, வேறு எதற்கும் இல்லை. கடைசி ஞாயிறு அன்று ஒரே ஒரு பட்டியல், மொத்த சீசனையும் கையில் வைத்துக்கொண்டு போட்டால் போதும்.

இனி 2023. அப்போது நான்கு இடம்தான். நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவோடு இங்கே டோக் கேம்பெல் ஸ்டேடியத்தில் ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு ஓடி விழுந்தார். கால் முறிந்துவிட்டது. வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். எனக்கு முன் வரிசையில் அவருடைய 13-ஆம் எண் ஜெர்சி போட்டிருந்த ஒரு சின்னப் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கே திரும்பி வருவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா பதில் சொல்லவில்லை. அணி அன்று 13-0 என்று பின்தங்கியிருந்தது, ஆனாலும் 58-13 என்று ஜெயித்தது.

அடுத்த வாரம் இரண்டாவது குவார்ட்டர்பேக்கை வைத்து ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை அவர்கள் மைதானத்திலேயே 24-15 என்று ஜெயித்தார்கள். அவருக்குத் தலையில் அடிபட, எங்கள் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் இறுதியில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரை இறக்கி லூயிவில்லை 16-6. பார்க்க அழகான ஆட்டம் இல்லைதான், ஆனால் தடுப்பாட்டம் எப்படி ஆட வேண்டும் என்பதை அன்று பார்த்தோம். 13 ஆட்டம், 13 வெற்றி, கான்ஃபரன்ஸ் சாம்பியன். மறுநாள் மதியம் நண்பர் வீட்டில் எட்டுப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான்காவது இடத்துக்கு அலபாமா பெயர் வந்தது. யாரும் பேசவில்லை. அணி வீரர்கள் உட்கார்ந்திருந்த அறையைக் கேமரா காட்டியது, அதைப் பார்க்க முடியாமல் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அதை வைத்துத்தான் தள்ளினார்கள். "என் கால் சீசன் ஆரம்பத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவார்ட்டர்பேக் ஒருவன் மட்டுமில்லை என்று பார்த்திருப்பீர்களே" என்ற பொருளில் டிராவிஸ் எழுதினார். கால் முறிந்த மனிதன் அதற்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுத வேண்டி வந்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. இனி ஜெயிப்பார்களா என்று ஊகிப்பதற்காக, ஏற்கெனவே ஜெயித்ததைக் கழித்தார்கள்.

---

ஹன்ட்ஸ்வில்_ரவி:

பாலா, வருத்தம் புரிகிறது. அலபாமாக்காரன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-இல் ஜார்ஜியா தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்தது. அதை எஸ்.இ.சி. இறுதியில் 27-24 என்று அலபாமா வீழ்த்தியது. டெக்சஸ் எங்களை எங்கள் ஊரிலேயே 34-24 என்று ஜெயித்திருந்ததால் அவர்களை எங்களுக்கு மேலேதான் வைக்க முடியும். மிச்சிகன், வாஷிங்டன் தோற்கவே இல்லை. ஐந்து பேருக்கு நான்கு நாற்காலி. யாரை விட்டிருந்தாலும் அந்த ஊர் அழுதிருக்கும். அப்புறம் பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் ஃபுளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றதையும் மறக்கக் கூடாது.

2025-லும் எங்களை ஏன் எடுத்தார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஜார்ஜியா, வாண்டர்பில்ட், மிசௌரி, டென்னசி என்று நான்கு தரவரிசை அணிகளை அடுத்தடுத்து ஜெயித்தோம். கஷ்டமான அட்டவணைக்கு மதிப்பில்லை என்றால் எல்லோரும் எளிய எதிராளிகளைத் தேடிப் போய்விடுவார்கள். மைதானத்தில் நல்ல ஆட்டமே இருக்காது.

---

டாலஹாசி_பாலா:

ரவி, 63-3 என்ற கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். வெளியே தள்ளப்பட்ட பிறகு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடாமல் ஒதுங்கிய அணி அது. 13 ஆட்டமும் ஜெயித்த அணி இல்லை அது.

அட்டவணைக்கு மதிப்பு வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்காகத்தான் 2025-இல் நல்ல அணியை ஜெயித்தால் கூடுதல் பலன், நல்ல அணியிடம் தோற்றால் குறைந்த தண்டனை என்று ஒரு புது அளவுகோலைச் சேர்த்தார்கள். ஆனால் அதே சீசனின் முதல் ஆட்டத்தில் அலபாமாவை 31-17 என்று ஜெயித்தது எங்கள் ஃபுளோரிடா ஸ்டேட், கடைசியில் 5-7 என்று முடித்த அணி. அதையும் அதே தராசில் வையுங்கள்.

---

புரோவோ_மணி:

இரண்டு பேரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே வார இறுதியில் இரண்டு அணிகள் கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றன. எங்கள் பி.ஒய்.யு. டெக்சஸ் டெக்கிடம் 34-7. அலபாமா ஜார்ஜியாவிடம் 28-7. நாங்கள் 11-லிருந்து 12-க்கு இறங்கினோம். அலபாமா 9-இலேயே நின்றது.

எங்கள் இரண்டு தோல்வியும் டெக்சஸ் டெக்கிடம் மட்டும். அலபாமாவுக்கு மூன்று தோல்வி. இறுதி ஆட்டத்தில் தோற்றதற்கு ஓர் அணியைத் தண்டிக்கக் கூடாது என்றால் சரி, அது நல்ல கொள்கை. 2024-இல் எஸ்.எம்.யு. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) ஏ.சி.சி. இறுதியில் கிளெம்சன் 56 யார்டு தூரத்திலிருந்து உதைத்த ஃபீல்ட் கோலில் 34-31 என்று தோற்றும் உள்ளே போனபோது நான் கைதட்டினேன். அன்று வெளியே நின்றது 9-3 அலபாமா. ஆனால் கொள்கை என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் சர்ச்சில் ஒரு பெரியவர், 40 வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், "அவங்க பேர் வேற, நம்ம பேர் வேற" என்று மட்டும் சொன்னார்.

இதில் பணமும் இருக்கிறது. 2025 சீசனில் பிளேஆஃபுக்குள் நுழைந்த ஒவ்வொரு அணிக்காகவும் அதன் கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர் கிடைத்தது. காலிறுதி போனால் இன்னொரு 40 லட்சம். ஒரு பல்கலைக்கழகத்தின் அணியைப் பற்றிப் பேசும்போது அங்கே சம்பளம் வாங்கும் உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விடுவார். ஆனால் அதே கான்ஃபரன்ஸின் வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த 40 லட்சத்தில் அவர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. யாரையும் நேர்மையற்றவர் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு நிலையில் ஒருவரை உட்கார வைக்கவே கூடாது.

---

இண்டியானா_அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாலா தம்பி, 2023 பற்றி எழுதியதை மகனுக்கு அனுப்பினேன். "இவங்க கதையைப் பார்த்தா நாம பரவாயில்லை" என்றான். ஒரு சந்தேகம் மட்டும். 20-ஆம் இடத்தில் இருந்த டுலேனும் 24-ஆம் இடத்தில் இருந்த ஜேம்ஸ் மாடிசனும் உள்ளே போனதால்தான் எங்களுக்கு இடம் போனது என்று இவன் நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

---

டாலஹாசி_பாலா:

கணக்குப்படி சரி அக்கா. 2025 சீசனில் இருந்த விதிப்படி, தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. ஏ.சி.சி.யை ஐந்து தோல்வி கண்ட டியூக் ஜெயித்துவிட்டதால், அந்த இடம் ஜேம்ஸ் மாடிசனுக்குப் போனது. ஆனால் அந்தப் பையன்கள் மேல் கோபம் வேண்டாம். ஜெயித்தால் உனக்கு இடம் என்று சீசனுக்கு முன்பே எழுதி வைத்த ஒரே விதி அது. அதை நம்பி ஆடினார்கள், ஜெயித்தார்கள், இடம் கிடைத்தது. டுலேன் ஓல் மிஸ்ஸிடம் 41-10, ஜேம்ஸ் மாடிசன் ஒரிகானிடம் 51-34 என்று தோற்றதை வைத்து அவர்களைச் சேர்த்ததே தப்பு என்கிறார்கள். 2017-இல் தோல்வியே இல்லாத யு.சி.எஃப்.-ஐ (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம்) 12-ஆம் இடத்தில் வைத்து வெளியே நிறுத்தினார்கள். அவர்கள் போய் ஆபர்னை 34-27 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் இறுதிப்போட்டி ஆடிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே ஒருமுறை ஜெயித்திருந்த ஆபர்ன் அது. கதவைத் திறந்து விட்டால்தானே யார் என்ன செய்வார்கள் என்று தெரியும்.

உங்கள் பையனுக்கு ஒரு செய்தி: 2026-இலிருந்து நோட்டர் டேம் கடைசிப் பட்டியலில் முதல் 12-க்குள் வந்தாலே இடம் உறுதி என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அது 2025-லேயே இருந்திருந்தால் 11-ஆம் இடத்தோடு உள்ளே போயிருப்பார்கள், மயாமி வெளியே நின்றிருக்கும்.

---

புரோவோ_மணி:

அந்தச் சலுகை ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏன் என்று நான் தனியாக ஒரு கேள்வி போடப் போகிறேன். அக்கா, உங்கள் மகனையும் அங்கே எழுதச் சொல்லுங்கள். அவன் பக்கத்தைக் கேட்காமல் முடிவுக்கு வர எனக்கு விருப்பமில்லை.